குப்புறக் கிடந்த மத்தியானம்

தலையைத் தூக்கக் கூடாது. தும்மல் வந்தாலும் கீழே பார்த்தபடியேதான் தும்ம வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் அந்த நர்ஸ் பெண் சொன்னபோது மங்கையர்க்கரசிக்குச் சிரிப்புத்தான் வந்தது. இப்போது மூக்கு நுனியில் ஓர் அரிப்பு வந்து உட்கார்ந்துகொண்டு போகமாட்டேன் என்கிறது, சிரிப்பு வரவில்லை. மார்புக்கடியில் இரண்டு தலையணை. கட்டிலுக்கு வெளியே நீண்டிருக்கும் தலைக்கு எதிரே ஒரு மர ஸ்டூல், அதன் விளிம்பில் சும்மாடு போலச் சுருட்டிய துண்டு, துண்டின் மேல் நெற்றி. கட்டிலுக்கும் ஸ்டூலுக்கும் நடுவில் விட்ட சந்தில் முகம் தொங்கிக்கொண்டிருந்தது. வலது கண்ணின் மேல் பஞ்சு, பஞ்சின் மேல் சல்லடை மாதிரி ஓட்டை போட்ட பிளாஸ்டிக் மூடி. இடது கண் திறந்துதான் இருந்தது. திறந்திருந்து என்ன செய்ய. அது சின்ன வயசிலிருந்தே சோம்பேறிக் கண், ஒரு நாளும் வேலை செய்து பழகாதது, ஐம்பது வயசு வரைக்கும் வலது கண்ணின் சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட கண். அதில் தெரிந்தது உறையூர் வீட்டின் பழைய மொசைக் தரை. கறுப்பும் வெள்ளையும் செங்கல் நிறமுமாகச் சில்லுகள் ஒன்றின் மேல் ஒன்று மொய்த்தன, எறும்புப் புற்றைக் கிளறிவிட்ட மாதிரி. ஒரு சில்லை மட்டும் தனியாகப் பிடிக்கலாம் என்று உற்றுப் பார்த்தால் பக்கத்துச் சில்லுகள் ஓடி வந்து அதைத் தின்றுவிடுகின்றன. ஓரத்தில் பார்த்தால் இருக்கிறது. நேரே பார்த்தால் இல்லை. இனிமேல் இதுதானா. உலகம் முழுக்க இப்படித்தான் இருக்கப்போகிறதா. வேண்டாம், அதை நினைக்காதே, வேறு எதையாவது நினை. அறுவை நடந்த கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழி விட்டிருக்கிறார்கள். குமிழி எப்போதும் மேலே போகும். அவள் குப்புறக் கிடந்தால் கண்ணின் பின்சுவர்தான் மேல். அங்கே போய் அது பிரிந்துவிட்ட விழித்திரையை அழுத்திப் பிடிக்கும், ஒட்டும் வரைக்கும். அவ்வளவுதான் விஷயம். பாயின் நுனியை ஆள் வைத்து அழுத்திப் பிடிப்பது மாதிரி. நிமிர்ந்தால் ஆள் போய்விடுவான். பாய் சுருண்டுகொள்ளும்.

இதெல்லாம் அவளுக்கு ஒருவரும் விளக்க வேண்டியதே இல்லை. மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் துறையில் ஓவியர் வேலை பார்த்தவள். மாணவர்களுக்கான சுவர் விளக்கப்படங்களில் எத்தனை கண்களை வெட்டி வரைந்திருக்கிறாள், வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக, வெளித்தோல், நடுத்தோல், உள்ளே மெல்லிசாய் விழித்திரை, அதன் நடுவில் அந்த மஞ்சள் புள்ளி. எதை உற்றுப் பார்த்தாலும் அந்தப் புள்ளியில்தான் விழும். அந்தப் புள்ளிக்கு மட்டும் தனியாக ஒரு மஞ்சள் கலந்து வைத்திருந்தாள், கொஞ்சம் காவி, கொஞ்சம் வெள்ளை, பழுத்த எலுமிச்சையின் உட்தோல் நிறம் வரும் வரைக்கும். அப்போது அது அவளுடைய புள்ளியாக இல்லை. ஒரு படத்தின் புள்ளி. "மையப்பகுதியும் பிரிஞ்சிருந்தது மேடம்," என்றாள் அந்த இளம் டாக்டர், நகத்தைப் பார்த்துக்கொண்டு. "ஒட்டிடும். பார்வை எவ்வளவு வரும்னு இப்போ சொல்ல முடியாது. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா..." அதோடு நிறுத்திக்கொண்டாள். நல்ல பெண். நிறுத்தியிருக்க வேண்டாம். முழுதாய்ச் சொல்லியிருந்தால் ஒரே அடியாய்ப் போயிருக்கும், இப்போது அந்த வாக்கியத்தின் மிச்சம் ராத்திரி பகல் காதுக்குள் தொங்குகிறது. முன்னாடி வந்திருந்தா. முன்னாடி எப்படி வருவது. முன்னாடி அவள் சத்திரம் பேருந்து நிலையத்தில் அல்லவா இருந்தாள்.

கல்லூரி வேலையை விட்டபின் அங்கேதான் போய் உட்கார்ந்திருப்பாள், இரண்டு வருஷத்துக்கு மேல் இருக்கும், பூக்காரிகள் பக்கத்துச் சிமெண்ட் மேடையில், மடியில் ஸ்கெட்ச் புக்கோடு. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்களை வரைவது. எதற்கென்று தெரியாது. ஏன் இவர்களையே வரைகிறாய் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது, உள்ளே ஏதோ ஒரு பெரிய படம் இருக்கிறது, அது இவர்கள் பக்கம்தான் இருக்கிறது, அவ்வளவுதான் தெரியும். முதலில் முகங்களை வரைந்தாள். முகங்களில் ஒன்றும் இல்லை, காத்திருக்கிறவர்கள் முகத்தைக் கழற்றி எங்கோ வைத்துவிட்டு வந்த மாதிரிதான் நிற்கிறார்கள். பிறகு பைகள். பக்கம் பக்கமாகப் பைகள், கட்டைப்பை, பிளாஸ்டிக் வயர்க்கூடை, துணிக்கடைப் பை, ஒரே பையைத் திரும்பத் திரும்ப வரைந்து கடைசியில் தனக்கு வேண்டியது பை இல்லை, பை இழுக்கிற தோள் என்று கண்டுபிடித்தாள். பிறகு தோள்கள். தோளில் ஒரு குளிர்காலம் முழுக்கப் போயிற்று. ஸ்கெட்ச் புக் என்பது அவளுக்குப் படம் வைக்கிற இடம் இல்லை. பக்கத்து ஃபிளாட் வள்ளிநாயகி ஒருதரம் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் பாதி பாதியா இருக்கே மேடம், முடிச்சது எங்க?" என்று கேட்டாள். எப்படிச் சொல்வது அவளிடம். அவள் புத்தி சும்மா விட்டால் அந்தப் பேருந்து நிலையம் மாதிரிதான் இருக்கும், ஹாரனும் கூச்சலும், துறையூர் துறையூர் லால்குடி லால்குடி என்று ஆளாளுக்கு இழுப்பார்கள். ஒரு கோடு போட்டால் இரைச்சல் கொஞ்சம் தள்ளிப் போகும். அதன் பக்கத்தில் இன்னொன்று. பத்துக் கோடு தப்பாய்ப் போகும், பதினொன்றாவதில் பேனா ஓரிடத்தில் சிக்கும், அந்தச் சிக்குதான் யோசனை. மற்றவர்கள் யோசித்துவிட்டு எழுதுகிறார்கள், வரைகிறார்கள். அவள் கையால் யோசிக்கிறவள். கை போட்ட கோட்டைக் கண் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டுத் தப்பு என்று சொல்ல வேண்டும், அந்தத் தப்பிலிருந்துதான் அடுத்த கோடு. கண் பார்க்கவில்லையென்றால் தப்பு என்று யார் சொல்வது. தப்பு தெரியாமல் எப்படி யோசிப்பது. யோசிக்க முடியாவிட்டால் அவள் யார். ஐயோ. மறுபடியும் அங்கேயே வந்துவிட்டது.

அன்றைக்கு அது கிடைத்தது. அதுதான் கொடுமை. வெயில் தாழ்ந்த நேரம், ஒரு தகப்பனும் பெண்ணும் நின்றிருந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் ஒரு போலீஸ்காரர், முறுக்கு விற்கிறவர், கல்லூரிப் பெண்கள் கூட்டம். கடகடவென்று எல்லோரையும் வெறும் கோடுகளாகப் போட்டுக்கொண்டு போனவள் பக்கத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள், எல்லாக் கோடுகளும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. ஒருவரை ஒருவர் தெரியாது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, ஆனால் அத்தனை உடம்பும் பஸ் வருகிற பக்கம் ஒரு இம்மி சாய்ந்திருந்தது, ஜன்னலோரத்துச் செடி வெளிச்சத்துக்குச் சாய்கிற மாதிரி. இதுதான், இதுதான். அப்போதுதான் வலப்பக்கம் யாரோ வந்து நிழலாய் நின்றார்கள். எப்போதும் நிற்பார்கள், எட்டிப் பார்ப்பார்கள், "நம்மளையும் ஒண்ணு வரைங்கக்கா" என்பார்கள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது," என்றாள் தலையைத் திருப்பாமலே. நிழல் தள்ளவில்லை. "உங்களத்தாங்க," என்று திரும்பினாள். அங்கே ஒருவரும் இல்லை. பூக்காரி ஒருத்தி மட்டும் இவளை ஒரு மாதிரி பார்த்தாள். தெரிந்திருக்க வேண்டும், கண்ணை வெட்டி வரைந்தவளுக்குத் தெரியாதா. தெரிந்தது. உள்ளே ஒரு மூலையில் அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் சாய்வு கிடைத்திருந்தது, அது வருவதற்கு இரண்டு வருஷம் ஆகியிருந்தது, இப்போது எழுந்து போனால் திரும்பி வருமா என்று யார் சொல்வது. மறுநாளும் போனாள். அதற்கடுத்த நாளும். அந்த நிழல் திரைபோல ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்துகொண்டே இருந்தது, அவள் கழுத்தை வளைத்து மிச்சமிருந்த ஜன்னல் வழியாக வரைந்துகொண்டே இருந்தாள். ஒரு காலையில் பல் துலக்கும்போது கண்ணாடியில் தன் மூக்கும் வாயும் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை, சுற்றிலும் மயிர் மட்டும் இருந்தது. அப்போதுதான் தங்கை புனிதாவுக்குப் போன் செய்தாள்.

"வாயத் தெற."

புனிதவதி கட்டிலோரம் வந்து உட்கார்ந்தாள். மங்கையின் தங்கை. பொன்மலை ரயில்வே அலுவலகத்தில் லீவு போட்டு, வீட்டுக்காரரையும் பிள்ளையையும் ஹோட்டல் சாப்பாட்டுக்கு விட்டுவிட்டு வந்திருக்கிறவள். ரசம் சாதத்தைக் குழையக் கரைத்து டம்ளரில் ஊற்றி ஸ்ட்ரா போட்டுச் சந்துக்குள் நீட்டினாள். மங்கைக்கு அவளுடைய கொலுசுக்காலும் நைட்டியின் கரையும் மட்டும் தெரிந்தன, அதுவும் கலங்கலாக.

"வேணாம்டி. காலைல குடிச்சதே இருக்கு."

"குடிக்கா. மாத்திரை போடணும், வெறும் வயித்துல எரியும்."

உறிஞ்சினாள். படுத்தபடி விழுங்கினால் சாப்பாடு மேலே ஏறுகிற மாதிரி இருந்தது. ஒரு மிளகு தொண்டையில் நின்றது. இருமக் கூடாது. இருமல் கண்ணை உந்தும். கண்ணை மூடிக்கொண்டு மிளகைக் கெஞ்சினாள்.

"புனிதா, எம் மேசைக்கடியில புதுசா ஒரு ஸ்கெட்ச் புக் இருக்கும், கறுப்பு அட்டை. அதையும் அந்தத் தடிச்ச ஸ்கெட்ச் பேனாவையும் எடுத்துக் கீழ வையேன். என் மூஞ்சிக்கு நேரா."

கொலுசு அசையவில்லை. "எதுக்கு?"

"சும்மாதான்."

"டாக்டர் என்ன சொன்னாங்க? படிக்காதீங்க, டிவி பாக்காதீங்கன்னு சொன்னாங்கல்ல?"

"அது ஆபரேஷன் பண்ண கண்ணுக்கு. இது மத்த கண்ணுதானே."

"மத்த கண்ணு!" என்றாள் புனிதா. அந்த ஒரு வார்த்தைக்குள் என்னென்னவோ இருந்தது. பிறகு எழுந்து போய் இரண்டையும் கொண்டுவந்து தரையில் பொத்தென்று போட்டுவிட்டு, பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

குழாய்ச் சத்தம் கேட்டது. பக்கத்து ஃபிளாட்டில் குக்கர் கூவியது. வலது கையைக் கட்டிலிலிருந்து தொங்கவிட்டு ஸ்கெட்ச் புக்கைத் தடவித் திறந்தாள். வெள்ளைப் பக்கம். வெள்ளை மட்டும் இந்தக் கண்ணுக்கும் வெள்ளையாகத்தான் தெரிகிறது, நல்லது, ஒரு நிமிஷம் அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள், அந்த மொய்க்கிற சில்லுகளுக்கு நடுவில் ஒரு குளம் மாதிரி. மறந்துபோவதற்குள் அந்தச் சாய்வைப் போட்டுவிட வேண்டும். தகப்பன், பெண், போலீஸ்காரர். தகப்பனின் முதுகிலிருந்து ஆரம்பித்தாள். கோடு இறங்கியது, இறங்குவது கைக்குத் தெரிந்தது. கண் போய்ப் பார்ப்பதற்குள் கோடு மொத்தமாய் வீங்கி மூன்று கோடுகளாகிவிட்டது. எது போட்டது, எது கண்ணின் நடுக்கம். பெண்ணின் தோளைப் பக்கத்தில் போட்டாள். அது தகப்பனின் கோட்டோடு போய் அப்பிக்கொண்டது. இரண்டு கோடு பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இந்தக் கண்ணுக்கு ஒன்றாகிவிடுகிறது. தள்ளிப் போட்டாள். அப்போது தகப்பனும் பெண்ணும் வேறு வேறு ஊரில் நின்றார்கள். அடுத்த பக்கம். மறுபடி முதுகு. சாய்கிறதா நிற்கிறதா தெரியவில்லை. சாய்வு என்பது ஒரு இம்மி. அந்த இம்மிக்குத்தானே இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தாள், அந்த இம்மிதான் இந்தக் கண்ணில் இல்லவே இல்லை. அதற்கடுத்த பக்கம். மறுபடி. பேனா பக்கத்தை விட்டுத் தரையில் ஓடுகிற சத்தம் கேட்டது, மொசைக்கில் வழுக்கி, அது போன பிறகுதான் தெரிந்தது. கை நினைவிலிருந்து போடட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டாள். போட்டுவிட்டுத் திறந்தாள். ஏதோ இருந்தது. நூல்கண்டு அவிழ்ந்து கிடக்கிற மாதிரி ஏதோ ஒன்று.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. ஃபேன் இன்னும் கொஞ்சம் சுற்றலாமா என்று யோசித்துவிட்டு நின்றது. சித்திரை வெயில் ஜன்னல் வழியாக அப்படியே உள்ளே வந்து உட்கார்ந்தது. முதுகில் வேர்வை கோடு பிடித்து இடுப்புக்கு ஓடியது, நெற்றித் துண்டு ஈரமாகி வழுக்கியது, கழுத்து யாரோ கயிறு போட்டு இறுக்குகிற மாதிரி வலித்தது. ஒரே ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தால் என்ன. ஒரே ஒரு தரம். மூடியைக் கழற்றி, பஞ்சை எடுத்து, ஜன்னலைப் பார்க்க வேண்டும், அதில் இன்றைக்காவது கம்பி தெரிகிறதா என்று மட்டும். கம்பி தெரிந்தால் போதும், எத்தனை நாள் வேண்டுமானாலும் கிடக்கிறேன். தெரியாவிட்டால் எதற்கு இப்படிப் பல்லி மாதிரிக் கிடக்க வேண்டும். எழுந்து கொள்ளிடம் பாலத்துக்குப் போய்... சே, என்ன யோசனை இது. பாலம் வரைக்கும் போக யார் வழி காட்டுவது, அதற்கும் புனிதாவைத்தான் கூப்பிட வேண்டும். புனிதா, கொஞ்சம் பாலம் வரைக்கும் கொண்டு விடுடி. சிரிப்பு மாதிரி ஒன்று வந்து தொண்டையில் மிளகு நின்ற இடத்தில் நின்றது. கல்லூரியில் அவளுக்கு முன்னால் ஓவியராக இருந்தவர் ரிட்டயர் ஆனபோது பிரஷ்களையெல்லாம் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போனாராம், வெள்ளையடிக்க உதவும் என்று. அப்போது அவரைப் பற்றி இளக்காரமாய் நினைத்தாள். அவருக்குக் கண் இருந்தது, கை இருந்தது, வேண்டாம் என்று கொடுத்தார். இவளுக்கு வேண்டும். வேண்டும் வேண்டும் என்று எல்லா உறுப்பும் கத்துகிறது, கொடுக்கத்தான் ஆளில்லை. விரல்கள் தாமாகப் பக்கத்தைப் பிடித்தன. கிழித்தாள். அது நன்றாக இருந்தது. கிழிகிற சத்தம் துல்லியமாக இருந்தது, இன்றைக்கு முழுவதும் துல்லியமாக இருந்த ஒரே விஷயம் அதுதான். அடுத்ததையும் கிழித்தாள். வெள்ளைப் பக்கங்களையும் கிழித்தாள். கட்டிலுக்கடியில் வீசினாள், ஒன்று, இன்னொன்று, அட்டை தனியாக வந்தது, அதையும்.

"என்னக்கா பண்ற?" ஈரக்கையோடு ஓடி வந்தாள் புனிதா. "என்ன பண்ற நீ? உடம்பக் குலுக்காத!"

"ஒண்ணும் இல்ல. போ."

"அழுறியா? அழக்கூடாதுக்கா, மருந்தெல்லாம் கரைஞ்சு வந்துடும்."

"அழல. வேர்வை."

"இதுக்குத்தான் வேணாம்னேன். மொதல்ல கண்ணு, அப்புறம் படம். படம் எங்க ஓடிடப் போகுது?"

"ஓடிடுச்சுடி!" மங்கை கத்தியேவிட்டாள், தரையைப் பார்த்துக் கத்தினாள், குரல் மொசைக்கில் பட்டுத் திரும்பி அவள் முகத்திலேயே வந்து விழுந்தது. "அது ஓடிடுச்சு. எனக்கு என்ன கெடைச்சுதுன்னு உனக்குத் தெரியாது. ஒரு வாரம் கெடைச்சா போதும்னு இருந்தேன். ஒரே ஒரு வாரம்."

"அந்த ஒரு வாரத்துலதான கண்ணப் போக்கிட்ட!" புனிதாவும் கத்தினாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? நெழல் தெரியுதுன்னு சொன்னியா? பஸ் ஸ்டாண்டுல போய் ஊர் பேர் தெரியாதவங்களயெல்லாம் உக்காந்து வரையத் தெரியுது. ரெண்டு தெரு தள்ளி டாக்டர் இருக்காரு, போகத் தெரியல. சின்னப் பிள்ளையிலயும் இப்படித்தான், இந்தக் கண்ணு வேலை செய்யட்டும்னு நல்ல கண்ணுல பிளாஸ்திரி ஒட்டி அனுப்பினா, தெரு முக்குலயே பிச்சுப் போட்டுட்டுப் போவ. யாரு பேச்சக் கேட்ட நீ?"

மங்கைக்கு அந்தப் பிளாஸ்திரியின் பசை வாசனை வந்தது, புருவ மயிரோடு சேர்த்துப் பிடுங்கும்போது வருகிற சுரீர் வந்தது. அப்பா இரண்டு பெண்களுக்கும் பெரிய புராணத்துப் பெயராக வைத்தார், வெள்ளிக்கிழமை தோறும் தாயுமானவர் மலைக்கு அழைத்துப் போனார், படியில் இவள் பிளாஸ்திரியோடு தடுக்கி விழுந்தபோது தூக்கி விட்டு, கண் வேண்டாம்மா உனக்கு, கை போதும் என்றார், விளையாட்டுக்கு. கை போதும். எங்கே போதும்.

அந்தப் பக்கம் மூச்சிரைப்பது கேட்டது. பிறகு முழங்கால் தரையில் பட்ட சத்தம். புனிதா கட்டிலுக்கடியில் தவழ்ந்து காகிதங்களைப் பொறுக்கினாள், சரசரவென்று, நடுநடுவே கட்டில் சட்டத்தில் தலையை இடித்துக்கொண்டு, "அம்மா" என்றாள். "எத்தனை தூசி இங்க, பெருக்கியே எவ்வளவு நாளாச்சோ," என்றாள் தனக்குத்தானே. பொறுக்கிக்கொண்டே வந்தவள் சந்துக்குக் கீழே இருந்த கடைசித் தாளை எடுக்கத் திரும்பி, முடியாமல், மல்லாந்தாள். மங்கையின் முகத்துக்கு நேர் கீழே, ஒரு முழத்தில், புனிதாவின் முகம் வந்து நின்றது.

மங்கைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல்முறையாக ஒரு முகம். எல்லோரும் காலாகவும் குரலாகவுமே இருந்தார்கள் இந்த நாட்களில், சொட்டு மருந்துக்கு நிமிர்கிறபோதும் இடது கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் இருந்தாள்.

"ஜில்லுன்னு இருக்குக்கா தரை," என்றாள் புனிதா கடைசியில்.

"அங்கேயே படு."

"கரண்ட் வர்ற வரைக்கும்."

அந்தக் கண் பார்த்தது. நேரே பார்த்தால் மூக்கு இல்லை, விலகிப் பார்த்தால் வந்தது. ஒரு கோடு கூட இல்லை இந்த முகத்தில். எப்போதும் ஒரு முகத்தைப் பார்த்தவுடன் அவள் கண் ஓரங்களில் ஓடும், தாடையோரம், இமையோரம், உதட்டின் ஓரம், ஓரங்களைப் பிடித்துக் கட்டிவிடுவாள் ஆளை. இங்கே ஓரம் எதுவும் பிடிபடவில்லை. பதிலாக மேடும் பள்ளமும் இருந்தன. இரண்டு கண்குழிகள், இவ்வளவு ஆழமா, இவளுக்கு எப்போது இவ்வளவு ஆழமாயிற்று, லீவு போட்டு வந்த பிறகா அதற்கு முன்னாலேயா. கன்னத்தின் கனம் காதுப்பக்கமாகச் சரிந்திருந்தது, மல்லாந்து படுத்தால் சரியும்தான். வாய் ஒரு கறுப்பு. கழுத்தில் தாலிச்சரடு விலகிப் போய்க் கிடந்த இடத்தில் ஒரு வெளிச்சப் பொட்டு. அத்தனையும் ஒரே பொருளாக, பிசைந்த மண் மாதிரி, கீழே இறங்கிக்கொண்டிருந்தது. இவள் முகத்தை இதுவரை ஒருதரம் கூட வரைந்ததில்லை. ஏன்? கேட்டால், வேற வேலை இல்லையா என்பாள், ஒரு நிமிஷம் உட்காரமாட்டாள். இல்லை, அது மட்டும் காரணம் இல்லை. இவள் முகம் தெரிந்த முகம், தெரிந்ததில் என்ன கிடைக்கும் என்று இருந்துவிட்டாள்.

"பேனா எங்கடி?"

"மறுபடியுமா?"

"உன் காதுக்குப் பக்கத்துல இருக்கு, குடு. அந்தத் தாள்ல ஒண்ண உன் நெஞ்சு மேல வை. எழுதாத பக்கமா வை. அட்டையக் கீழ குடு. ஆமா. புடிச்சுக்க."

"எம்மேல வெச்சா வரையப் போற?"

"அசையாத."

கையை நீட்டினாள். புனிதாவின் நெஞ்சு ஏறி இறங்கியது, அட்டையும் ஏறி இறங்கியது, அதனால் பேனா தொடுவதற்கு முன்பே தாள் வந்து பேனாவைத் தொட்டது. ஓரங்களைத் தேடவில்லை. குழியிலிருந்து ஆரம்பித்தாள். பேனாவைச் சாய்த்து, கோடாக இல்லாமல் தேய்ப்பாக, ஒரு குழி. பக்கத்தில் இன்னொரு குழி, அது போய் முதல் குழியோடு அப்பிக்கொண்டது, அப்பட்டும். கனம் எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம் தேய்த்தாள். பார்த்தாள். தப்பு. தப்பு என்று தெரிந்தது! என்ன தப்பு என்று தெரியவில்லை, ஆனால் இது இல்லை என்று அந்தச் சோம்பேறிக் கண் சொல்லிற்று, முதன்முறையாக வாயைத் திறந்து சொல்லிற்று. "அடுத்த தாள் வை," என்றாள். அதிலும் இல்லை. வாயின் கறுப்பு பெரிதாகிவிட்டது, கூப்பிடுகிற மாதிரி ஆகிவிட்டது. "அடுத்தது." இது அந்தச் சாய்வு இல்லை. சாய்வு போனது போனதுதான், அந்தத் தகப்பனும் பெண்ணும் ஏதோ ஒரு பஸ் ஏறிப் போய்விட்டார்கள், இந்தக் கண் அவர்களை ஒரு நாளும் கொண்டுவராது. நெஞ்சில் அந்த இடம் அப்படியே வெட்டுக்காயமாய் வலித்தது. வலிக்க வலிக்கத் தேய்த்தாள். நாளைக்கே இதுவும் போய்விடலாம், இதில் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், அரைக்குருடியின் கிறுக்கல் என்று நாலு பேர் உச்சுக்கொட்டலாம். பயம் ஒரு இம்மிகூடக் குறையவில்லை. பயத்தோடு சேர்ந்து கை போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"என்னக்கா, வருதா?" புனிதா உதட்டை அசைக்காமல் கேட்டாள்.

"இல்ல. பேசாத."

கரண்ட் வந்தது. ஃபேன் சுற்றியதில் தாள்கள் பறந்தன. ரேடியோ மாதிரி எங்கோ ஒரு டிவி நடுவாக்கியத்தில் பேச ஆரம்பித்தது. புனிதா எழுந்துகொண்டாள், சொட்டு மருந்து நேரம். சொட்டு மருந்துக்கு மட்டும் நிமிரலாம், டாக்டர் அனுமதித்த கொஞ்ச நேரம். மங்கையை மெல்லப் புரட்டி உட்கார்த்தி, பிளாஸ்திரியை மயிர் இழுக்காமல் உரித்து, மூடியையும் பஞ்சையும் எடுத்தாள். ஈரப்பஞ்சால் இமையைத் துடைத்தாள்.

"மெதுவாத் தெற."

திறந்தாள். இடது கண்ணை மூடிக்கொண்டு ஜன்னலைத் தேடினாள். வெளிச்சம் இருந்தது. ஒரு பாத்திரத் தண்ணீருக்குள் தலையை முக்கிக் கண்ணைத் திறந்த மாதிரி, வெளிச்சம் தளும்பித் தளும்பி நின்றது. கம்பி இல்லை. ஜன்னலே இல்லை. குமிழி இருக்கும்வரை அப்படித்தான் இருக்கும், பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினாள். சொன்னது ஞாபகம் இருந்தது. அது உதவவில்லை.

"நான் தெரியுறனா?" என்றாள் புனிதா.

தெரிகிறாய் என்று சொல்லலாம். அவள் தூங்கி எத்தனை நாளாயிற்று. கொஞ்சம் தெரிகிறது என்றாவது சொல்லலாம்.

"இல்ல," என்றாள் மங்கை.

புனிதா கையை ஆட்டினாள் போல. "இது?"

"ஏதோ போகுது. கைன்னு தெரியல. ஏதோ போகுது."

சொட்டு மருந்து கண்ணில் விழுந்து எரிந்தது. ஒன்று தப்பிக் கன்னத்தில் விழுந்தது. அது மருந்து இல்லை, சூடாக இருந்தது. புனிதா மூக்கை உறிஞ்சிக்கொண்டு பஞ்சை வைத்தாள், மூடியை வைத்தாள், புதுப் பிளாஸ்திரியை ஒட்டி விரலால் நீவினாள், கொஞ்சம் அதிக நேரமே நீவினாள். மறுபடி தலையணை, மறுபடி ஸ்டூல், மறுபடி துண்டு, உலர்ந்த துண்டு. சந்தில் முகம். கீழே சில்லுகள் மொய்த்தன.

"புனிதா."

"ம்."

"அங்கேயே வந்து படு. தலை அதே எடத்துல இருக்கட்டும்."

"அடுப்புல பால் வெச்சிருக்கேன்க்கா. காபி குடிச்சிட்டு வந்து..."

"வெளிச்சம் போயிடும்டி."

கொலுசு சமையலறைப் பக்கம் திரும்பியது. நின்றது. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு முழங்கால் தரையில் பட்ட சத்தம் கேட்டது, கட்டில் சட்டத்தில் தலை இடித்த சத்தம், ஒரு "அம்மா". இரண்டு குழிகள் வந்து முகத்துக்கு நேரே நின்றன. புனிதா அட்டையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, பறந்துபோகாமலிருக்கத் தாளின் மேல் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள்.

மங்கை பேனாவைச் சாய்த்தாள். உள்ளே பால் பொங்கி வழிந்து அடுப்பில் தீய்கிற வாசனை வந்தது. இருவருக்கும் வந்தது. இருவரும் அசையவில்லை.